தெரியாதது இரண்டு, சமன்பாடு இரண்டு: அவ்வளவுதானா?

"தெரியாதது இரண்டு என்றால் சமன்பாடு இரண்டு வேண்டும், மூன்று என்றால் மூன்று வேண்டும்." பள்ளியில் இயற்கணிதம் படித்த யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வாக்கியம் நினைவில் இருக்கும். மற்றது மறந்திருக்கும். இந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால், கணக்கின் நடுவில் 0 = 0 என்று வந்து நின்றால் பிள்ளைகள் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து, எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கே தப்பு எதுவும் நடந்திருக்காது. கணக்கு அவர்களிடம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் "ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறாயே, ஏன் கழிக்கலாம்?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. வழிமுறை கைக்கு வந்துவிட்டது, காரணம் வரவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

## டீக்கடையில் இரண்டு பில்

ஒரு டீக்கடை. விலைப் பலகை கிடையாது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 2 டீயும் 1 வடையும் சாப்பிட்டார்கள். கடைக்காரர் 34 ரூபாய் வாங்கினார். அடுத்து வந்தவர்கள் 2 டீயும் 3 வடையும் சாப்பிட்டார்கள். அவர்களிடம் 54 ரூபாய் வாங்கினார். நீங்கள் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிடப் போகிறீர்கள். எவ்வளவு ஆகும்?

பேனா எடுக்காமலே பலர் சொல்லிவிடுவார்கள். இரண்டு பில்லிலும் டீ இரண்டுதான். இரண்டாவது பில்லில் கூடுதலாக இருப்பது 2 வடை, கூடுதலாகக் கொடுத்தது 20 ரூபாய். அப்படியென்றால் வடை 10 ரூபாய். முதல் பில்லில் வடைக்கு 10 போனால் மீதி 24, அது 2 டீக்கு. டீ 12 ரூபாய். உங்களுக்கு 22 ரூபாய் ஆகும்.

இயற்கணிதப் பாடத்தில் பத்துப் பக்கத்துக்கு விரியும் விஷயத்தை நீங்கள் இப்போது மனக்கணக்காகவே முடித்துவிட்டீர்கள். இனி செய்யப்போவது, இந்த யோசனையை எழுத்தில் வைத்து, எண்கள் இவ்வளவு வசதியாக அமையாத இடத்திலும் அது வேலை செய்யும்படி ஆக்குவது மட்டும்தான்.

## நான்கைந்து சொற்கள்

டீயின் விலையை 'ட' என்றும் வடையின் விலையை 'வ' என்றும் வைத்துக்கொள்வோம். பள்ளியில் எக்ஸ், ஒய் என்று எழுதுவார்கள். எந்த எழுத்தாக இருந்தாலும் சரி. அது ஒரு பெயர், அவ்வளவே. இரண்டு பில்லும் இப்படி ஆகின்றன:

2ட + வ = 34
2ட + 3வ = 54

மதிப்புத் தெரியாமல் எழுத்தாக நிற்கும் ட, வ இரண்டும் மாறிகள். மாறிக்கு முன்னால் நின்று அதைப் பெருக்கும் எண் கெழு. முதல் வரியில் டீயின் கெழு 2, வடையின் கெழு 1. இலங்கைப் பாடநூல்களில் இதைக் குணகம் என்பார்கள். இரு பக்கமும் சமம் என்று சொல்லும் ஒரு வரி சமன்பாடு. ஒரே மாறிகளைப் பற்றி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டிய பல சமன்பாடுகளைச் சேர்த்து ஒருங்கமை சமன்பாடுகள் என்கிறோம்.

மீதி இருப்பது, 'நேரியல் சமன்பாடுகள்' என்ற பெயரில் வரும் நேரியல் என்ற சொல். இதைப் பலரும் பெயருக்கு முன்னால் வரும் அலங்காரம் போல வாசித்துவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அது ஒரு நிபந்தனை. ஒரு வடை 10 ரூபாய் என்றால் ஐந்து வடை சரியாக 50 ரூபாயாக இருக்க வேண்டும். வடையின் விலை, நீங்கள் டீ குடித்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்து மாறக்கூடாது. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கடைக்காரர் சொன்ன நிமிடமே நேரியல் தன்மை போய்விட்டது. எழுத்தில் பார்த்தால், மாறிகள் தனித்தனியாக, எண்ணால் பெருக்கப்பட்டு, கூட்டியோ கழித்தோ மட்டும் வர வேண்டும். ட-வையும் வ-வையும் ஒன்றோடொன்று பெருக்கியிருந்தாலோ, ஒரு மாறி வர்க்கத்தில் இருந்தாலோ அது வேறு கணக்கு. கீழே சொல்லப்போகும் எதுவும் அதற்கு அப்படியே பொருந்தாது.

## ஒரு பில் மட்டும் தெரிந்தால்

முதல் பில்லை மட்டும் வைத்துக்கொண்டு விலை சொல்ல முடியுமா? டீ 10, வடை 14 என்றாலும் 34 வருகிறது. டீ 12, வடை 10 என்றாலும் வருகிறது. டீ 15, வடை 4 என்றாலும் வருகிறது. பைசாக் கணக்கையும் சேர்த்தால் இன்னும் எத்தனையோ.

ஒரு சமன்பாடு விடையைச் சொல்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது சில விலைகளை உள்ளே விட்டு, மற்ற விலைகளை வெளியே தள்ளுகிறது. டீ 20, வடை 20 என்ற ஜோடி வெளியே போய்விட்டது. டீ 12, வடை 10 உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு சமன்பாடும் விடையைப் பற்றிய ஒரு தகவல், ஒரு துப்பு.

உள்ளே நிற்கும் ஜோடிகளை ஒரு வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். கிடையாக டீ விலை, மேலே வடை விலை. எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து உட்காரும். நேரியல் என்ற பெயர் இந்த நேர்கோட்டிலிருந்துதான் வருகிறது. இரண்டாவது பில்லுக்கு இன்னொரு கோடு. இரண்டு பில்லையும் ஒருசேர நிறைவேற்றும் ஜோடி எங்கே இருக்கும்? இரண்டு கோட்டிலும் இருக்கும் புள்ளியில், அதாவது கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில். இந்தக் கடையில் அந்தப் புள்ளி டீ 12, வடை 10.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: ஒரு சமன்பாடு ஒரு துப்பு; அதற்குப் பொருந்தும் விடைகள் ஒரு கோடு முழுக்க நிற்கும். தீர்ப்பது என்றால் எல்லாத் துப்புக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பது.

## ஒரு வரியிலிருந்து இன்னொரு வரியை ஏன் கழிக்கலாம்?

பழைய இரட்டைத்தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இடத்தட்டில் 2ட + 3வ, வலத்தட்டில் 54. முள் நடுவில் நிற்கிறது. இடத்தட்டிலிருந்து 2ட + வ எடுக்கிறேன். வலத்தட்டிலிருந்து 34 எடுக்கிறேன். முள் அசையுமா? அசையாது, ஏனென்றால் நான் இரு பக்கமும் எடுத்தது ஒரே எடை. அது ஒரே எடை என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் பில் சொன்னது அதைத்தானே! தட்டில் மிஞ்சுவது 2வ = 20.

இந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. கழிக்கும்போது நாம் "சமன்பாட்டைக் கழிப்பதாக" நினைக்கிறோம். உண்மையில் சமமான இரண்டு பொருள்களை, சமமாக நிற்கும் இரண்டு தட்டுகளிலிருந்து எடுக்கிறோம். ஒரு வரியை முழுதாக 3-ஆல் பெருக்குவதும் அப்படியே: இரு தட்டிலும் இருப்பதை மும்மடங்கு ஆக்கினால் முள் நடுவிலேயே நிற்கும். அனுமதி உள்ள வேலைகள் மொத்தம் மூன்றுதான். வரிகளை இடம் மாற்றலாம். ஒரு வரியைப் பூஜ்யம் அல்லாத எண்ணால் பெருக்கலாம். ஒரு வரியோடு இன்னொரு வரியின் மடங்கைக் கூட்டலாம் அல்லது கழிக்கலாம்.

பூஜ்யத்தால் மட்டும் ஏன் பெருக்கக்கூடாது? பெருக்கினால் 0 = 0 ஆகிவிடும். பொய் இல்லை, ஆனால் அந்தத் துப்பு தொலைந்துவிட்டது; அதை மீட்க வழியே இல்லை. மற்ற வேலைகள் எல்லாவற்றையும் திருப்பிச் செய்து பழைய வரிகளை அடைந்துவிடலாம். திருப்ப முடிகிறது என்பதால்தான் புதிய தொகுப்பின் விடைகளும் பழைய தொகுப்பின் விடைகளும் ஒன்றாகவே இருக்கின்றன. விடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை எச்சரிக்கை. இரண்டு வரிகளைக் கழித்து 2வ = 20 என்று எடுத்த பிறகு, பழைய இரண்டையும் தூக்கி எறிந்துவிடக்கூடாது. ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். வடை விலை தெரிந்த பிறகு டீ விலையைச் சொல்லப்போவது அந்த வரிதான்.

## நீக்கல், பிரதியிடல்

மேலே செய்தது நீக்கல் முறை: ஒரு மாறியை ஒழித்துக்கட்டி, ஒரே மாறி உள்ள வரிக்கு வருவது. கெழுக்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் ஒத்துப்போக வைக்க வேண்டும். உதாரணமாக:

3ட + 2வ = 56
2ட + 5வ = 74

மேல் வரியை 2-ஆல் பெருக்கினால் 6ட + 4வ = 112. கீழ் வரியை 3-ஆல் பெருக்கினால் 6ட + 15வ = 222. கீழிருந்து மேலைக் கழித்தால் 11வ = 110; வ = 10. அப்புறம் ட = 12. அதே கடைதான்.

பிரதியிடல் முறை வேறு வழியாகப் போகிறது. முதல் பில்லிலிருந்து வ = 34 − 2ட என்று வடையை டீயின் மொழியில் சொல்லிவிட்டு, இரண்டாவது பில்லில் வ இருக்கும் இடத்தில் அதை வைப்பது: 2ட + 3(34 − 2ட) = 54. விரித்தால் 102 − 4ட = 54; ட = 12. இதுவும் உள்ளே செய்வது நீக்கல்தான், உடை மட்டும் வேறு. ஒரு மாறியின் கெழு 1 ஆக இருந்தால் இது சுலபம். இல்லாவிட்டால் பின்னங்கள் வந்து குழப்பும். குறுக்குப் பெருக்கல் முறை என்று இன்னொன்றும் பாடத்தில் உண்டு. அது இதே நீக்கலை ஒருமுறை எழுத்துகளால் செய்து முடித்து வைத்த சூத்திரம். காரணம் புரிவதற்கு முன் அதை மனப்பாடம் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பிழைகளில் பெரும்பகுதி குறியில் நடக்கும். −3வ-வைக் கழிக்கும்போது +3வ ஆக வேண்டும், அவசரத்தில் மாறாமல் நின்றுவிடும். கழிப்பதற்குப் பதில், ஒரு வரியை −1-ஆல் பெருக்கி எழுதிவிட்டுக் கூட்டுங்கள். பிழை பாதியாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கடைசியில் வந்த விடையை ஆரம்பத்தில் இருந்த எல்லா வரியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வரியில் மட்டும் வைத்துப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. அந்த வரி நிற்கும் கோட்டில் எத்தனையோ புள்ளிகள் இருக்கின்றன என்று முன்பே பார்த்தோம்.

எண்களின் அமைப்பைப் பார்த்து வழி தேர்ந்தெடுத்தால் கணக்கு எவ்வளவு அழகாகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்லியே ஆக வேண்டும். 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், கணித சார சங்கிரகம் என்ற வடமொழி நூலை எழுதினார். 1912-இல் சென்னையில் பேராசிரியர் ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அது அச்சானது. அதில் ஒரு கணக்கு: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் சேர்ந்து 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

9ந + 7வி = 107
7ந + 9வி = 101

பழக்கதோஷத்தில் 7-ஆலும் 9-ஆலும் பெருக்கப் போகாதீர்கள். இரண்டையும் அப்படியே கூட்டுங்கள்: 16 நார்த்தங்காய், 16 விளாம்பழம், 208. ஆக ஒரு ஜோடி 13. இரண்டையும் கழியுங்கள்: 2ந − 2வி = 6. ஆக நார்த்தங்காய் விளாம்பழத்தை விட 3 கூடுதல். சேர்ந்தால் 13, வித்தியாசம் 3 என்றால் நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கணக்கின் சுவை குறையவில்லை.

## மூன்று தெரியாதவை

மூன்று மாறிகள் வந்தால் புது யோசனை எதுவும் தேவையில்லை. அதே வேலையைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று.

இதை ஒழுங்கான வழிமுறையாகவே சீனர்கள் வைத்திருந்தார்கள். 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீன நூலின் எட்டாம் அத்தியாயம் முழுக்க இதுதான். கி.பி. 263-இல் லியு ஹுய் அந்த நூலுக்கு உரை எழுதினார். நூல் அவருக்கும் முந்தையது. கணக்குப் பலகையின் மேல் சிறு குச்சிகளை அடுக்கி எண்களை வைப்பார்கள். மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்பு. எழுத்துகளே கிடையாது, எந்த மாறியின் கெழு என்பதை அது இருக்கும் இடமே சொல்லிவிடும். இன்று கணினிக்குள் எண்களைக் கட்டம் கட்டமாக வைத்துச் செய்வதும் இதே வேலைதான். பள்ளியில் மேல்வகுப்பு போனால் காஸ் நீக்கல் முறை என்று படிப்பீர்கள். அந்த ஜெர்மானியக் கணித மேதை பிறந்தது 1777-இல்.

அந்த அத்தியாயத்தின் முதல் கணக்கு தானியக் கதிர்க்கட்டுகளைப் பற்றியது. கட்டுகளில் மூன்று தரம்: உயர்தரம், நடுத்தரம், கீழ்த்தரம். உயர்ந்தது 3 கட்டு, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 அடித்தால் 39 தௌ தானியம் கிடைக்கிறது. (தௌ என்பது நம் மரக்கால் போல ஒரு முகத்தல் அளவை.) 2, 3, 1 கட்டு அடித்தால் 34. 1, 2, 3 அடித்தால் 26. ஒரு கட்டில் எவ்வளவு தானியம்?

3அ + 2ஆ + இ = 39
2அ + 3ஆ + இ = 34
அ + 2ஆ + 3இ = 26

இ-யை ஒழிப்போம். முதல் வரியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அ − ஆ = 5. முதல் வரியை 3-ஆல் பெருக்கி மூன்றாவதைக் கழித்தால் 8அ + 4ஆ = 91. இப்போது டீக்கடைக்கு வந்துவிட்டோம்: இரண்டு வரி, இரண்டு மாறி. அ = ஆ + 5 என்று வைத்தால் 12ஆ + 40 = 91; ஆ = 4¼. பிறகு அ = 9¼. முதல் வரிக்குத் திரும்பினால் இ = 2¾. இறங்கும்போது மாறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறோம், ஏறும்போது விடைகளை ஒவ்வொன்றாக மாட்டுகிறோம்.

படமாகப் பார்க்க ஆசைப்பட்டால், மூன்று மாறி உள்ள ஒரு சமன்பாடு கோடாக இருக்காது. ஒரு தளம், சுவர் போல. உங்கள் அறையின் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவரும் தரையும் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அதுதான் விடை. ஆனால் ஒரு புத்தகத்தைத் திறந்து மூன்று தாள்களை விரித்துப் பிடியுங்கள். அவையும் மூன்று தளங்கள்தான். சந்திப்பதோ ஒரு புள்ளியில் இல்லை, முதுகு நெடுக ஒரு கோடாக.

## 0 = 0 வந்தால்

அந்தப் புத்தகம்தான் நம்மை முதலில் சொன்ன பாதி உண்மைக்கு அழைத்து வருகிறது. டீக்கடைக்குத் திரும்புவோம். இரண்டாவதாக வந்தவர்கள் 4 டீயும் 2 வடையும் சாப்பிட்டு 68 ரூபாய் கொடுத்தார்கள் என்று வையுங்கள்.

2ட + வ = 34
4ட + 2வ = 68

மாறி இரண்டு, சமன்பாடு இரண்டு. சூத்திரப்படி விடை வந்தாக வேண்டும். முதல் வரியை இரட்டித்து இரண்டாவதிலிருந்து கழித்துப் பாருங்கள்: 0 = 0. ஏன்? இரண்டாவது பில், முதல் பில்லையே இரண்டு முறை எழுதியது. புதிதாக எதையும் சொல்லவில்லை. ஒரே சாட்சி ஒரே வாக்குமூலத்தை இரண்டு முறை கொடுத்தால் சாட்சி இரண்டு ஆகாது. வரைபடத்தில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். இப்படி ஒரு வரி மற்ற வரிகளிலிருந்தே கிடைத்துவிடுமானால் அதற்கு 'சார்ந்த சமன்பாடு' என்று பெயர்.

இங்கே இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வரும். 0 = 0 என்பதை ட = 0 என்று வாசிப்பது ஒன்று. ட = 0 டீ விலையைச் சொல்கிறது; 0 = 0 எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. மற்றது, "எண்ணற்ற தீர்வுகள்" என்றதும் எந்த எண்ணைப் போட்டாலும் சரி என்று நினைப்பது. டீ 20, வடை 20 இப்போதும் தப்புத்தான். மிச்சமிருக்கும் அந்த ஒரு துப்புக்குப் பொருந்தும் ஜோடிகள் மட்டுமே விடைகள்.

சரி, அவர்கள் 68-க்குப் பதில் 70 கொடுத்திருந்தால்? அதே கழித்தலில் 0 = 2 வரும். இது நடக்க முடியாத விஷயம். கடைக்காரர் ஒரு இடத்தில் தவறாகக் கூட்டியிருக்கிறார், அல்லது இருவரிடமும் வேறு வேறு விலை வாங்கியிருக்கிறார். கோடுகள் இணையாக ஓடுகின்றன, எங்கும் சந்திப்பதில்லை. இதற்கு ஒருங்கமைவற்ற தொகுப்பு என்று பெயர், தீர்வு கிடையாது. "தீர்வு கிடையாது" என்பதும் முழுமையான, சரியான விடைதான். விடைத்தாளில் தயங்காமல் எழுதலாம்.

ஆக மூன்றே வாய்ப்புகள்: ஒரே ஒரு தீர்வு, எண்ணற்ற தீர்வுகள், தீர்வே இல்லை. சரியாக இரண்டு தீர்வு என்பது நேரியல் தொகுப்பில் வரவே வராது. இரண்டு வேறு வேறு நேர்கோடுகள் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ள முடியாது. எண்ண வேண்டியது எத்தனை வரி என்பதை விட, எத்தனை வரி புதிதாக ஏதாவது சொல்கிறது என்பதைத்தான்.

## கிட்டத்தட்ட இணையான கோடுகள்

பாடநூலில் இதற்கு இடம் இருப்பதில்லை, ஆனால் நடைமுறையில் மிகவும் படுத்துவது இதுதான். 1 கிலோ கத்தரிக்காயும் 1 கிலோ வெங்காயமும் 70 ரூபாய். 1 கிலோ கத்தரிக்காயும் 1 கிலோ 10 கிராம் வெங்காயமும் 70 ரூபாய் 30 பைசா. கழித்தால் 10 கிராம் வெங்காயம் 30 பைசா. வெங்காயம் கிலோ 30, கத்தரிக்காய் 40. ஒரே ஒரு தீர்வு, குறையே இல்லை. ஆனால் கடைக்காரர் சில்லறை இல்லாமல் இரண்டாவது பில்லை 70 ரூபாய் ஆக்கிவிட்டால்? கணக்குப்படி வெங்காயம் இலவசம், கத்தரிக்காய் 70. 70 ரூபாய் 50 பைசாவாக முழுமைப்படுத்தினால் வெங்காயம் 50, கத்தரிக்காய் 20.

பில்லில் சில பைசா அசைந்ததற்கு விடை இருபது, முப்பது ரூபாய் ஓடுகிறது. இரண்டு பில்லும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. அதனால் கோடுகள் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன, வெட்டும் இடம் சிறு அசைவுக்கும் வெகுதூரம் நகர்கிறது. கருவி வைத்து அளக்கிறவர்கள் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே, எந்த அளவுகளை எடுப்பது என்று இவ்வளவு யோசிப்பதற்கு ஒரு காரணம் இது.

## ஸ்கேன் கருவி ஏன் சுற்றுகிறது?

சிடி ஸ்கேன் எடுக்கும்போது வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுற்றி வருகிறது. ஏன் ஒரே இடத்தில் நின்று எடுத்தால் போதாது? இதுவரை பார்த்ததை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

உடலின் ஒரு குறுக்குவெட்டை நான்கே கட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள்: மேல் வரிசையில் க, ச; கீழ் வரிசையில் த, ப. ஒவ்வொரு கட்டமும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பது நமக்குத் தெரியாத எண். எலும்பு அதிகம் தடுக்கும், காற்று தடுக்கவே தடுக்காது என்று சொல்லலாம். கதிர் உள்ளே போய் வெளியே வரும்போது எவ்வளவு பலவீனமாகியிருக்கிறது என்று அளந்தால், அது கடந்துவந்த கட்டங்களின் கூட்டுத்தொகை கணக்கிட்டுக் கிடைக்கும். உள்ளே தனித்தனியாக என்ன என்பது தெரியாது. டீக்கடைப் பில் மாதிரியேதான்.

கிடையாக இரண்டு கதிர், மேலிருந்து கீழாக இரண்டு கதிர் விடுகிறோம்:

க + ச = 5
த + ப = 5
க + த = 4
ச + ப = 6

தெரியாதது நான்கு, சமன்பாடு நான்கு. விடை வருமா? க = 1, ச = 4, த = 3, ப = 2 பொருந்துகிறது. க = 2, ச = 3, த = 2, ப = 3 வைத்துப் பாருங்கள். அதுவும் பொருந்துகிறது! க-வுக்கு 0 முதல் 4 வரை எந்த எண்ணை வைத்தாலும், இடைப்பட்ட பின்னங்களை வைத்தாலும்கூட, மற்ற மூன்றும் அதற்கேற்ப அமைந்துவிடும். காரணம், முதல் இரண்டு வரிகளைக் கூட்டினால் மொத்தம் 10 என்று தெரிகிறது. மூன்றாவது வரி இடப்பக்க நிரல் (மேலிருந்து கீழாக நிற்கும் கட்டங்கள்) 4 என்றது. அப்படியானால் வலப்பக்க நிரல் 6 என்று யாரும் சொல்லாமலே தெரியும். நான்காவது கதிர் புதிதாக எதையும் சொல்லவில்லை. வரி நான்கு, துப்பு மூன்று.

இதே திசைகளில் நூறு முறை அளந்தாலும் நிலைமை மாறாது. ஆனால் சாய்வாக ஒரே ஒரு கதிர், க-வையும் ப-வையும் கடந்து போகும்படி விட்டால் போதும். க + ப = 3 என்று வந்தால் முதல் விடை; 5 என்று வந்தால் இரண்டாவது விடை. புதிய துப்பு புதிய திசையிலிருந்துதான் வந்தது. குழாய் சுற்றுவது இதற்காகத்தான்.

இந்தக் கருவியை உருவாக்கியவர் ஈஎம்ஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. லண்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அந்தப் படம் 80-க்கு 80 கட்டம், அதாவது தெரியாத எண்கள் 6,400. கருவி ஒவ்வொரு பாகையாகத் திரும்பி 180 திசைகளில், திசைக்கு 160 அளவு எடுத்தது. மொத்தம் 28,800 அளவுகள். தெரியாதவற்றை விட சமன்பாடுகள் நான்கு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு அளவிலும் சிறு பிழை இருக்கும் என்பதால் எல்லா வரியையும் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றும் விடை கிடைக்காது; டீக்கடையின் 0 = 2 போல எங்காவது லேசாக இடிக்கும். எல்லா வரிகளோடும் முடிந்தவரை ஒத்துப்போகும் விடையைத் தேடி எடுக்க வேண்டும். இன்றைய கருவிகள் படத்தை உருவாக்க வேறு கணக்கு வழிகளையும் பயன்படுத்துகின்றன, ஆனால் பல திசைகளிலிருந்து கூட்டுத்தொகைகளை வாங்கி உள்ளே இருப்பதைப் பிரித்தெடுப்பது என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணிதத்தைத் தனியாக ஆராய்ந்திருந்த ஆலன் கார்மாக்கும் 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரு தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் போட்டு, உங்களுக்குப் பிடித்த எண்களை எழுதி, வரிசைகளின் கூட்டுத்தொகை மூன்றும் நிரல்களின் கூட்டுத்தொகை மூன்றும் மட்டும் வீட்டில் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். ஆறு வரியில் எத்தனை வரி புதிதாக ஏதாவது சொல்கிறது, இன்னும் எத்தனை சாய்வுக் கதிர் கேட்டால் உங்கள் எண்கள் பிடிபடும் என்று அவர்களே எண்ணட்டும்.